காப்பி பூக்கும் மூன்று நாள்

1974, பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி. தூத்துக்குடியில் உப்பள முதலாளி பொன்னுதுரை வீட்டு முன்கூடம். இருந்தவர்கள் ஆறு பேர்.

பொன்னுதுரை ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில், இரண்டு காலையும் அதன் நீட்டுக் கட்டையின் மேல் போட்டிருந்தார். அவர் மனைவி ஞானசௌந்தரி அடுக்களை வாசலில், முறமும் உளுந்துமாக. மூத்த மகன் தேவபிரசாதம் தெருக்கதவை ஒட்டிய பெஞ்சில். இளையவன் வில்பிரட் மாடிப்படியின் மூன்றாவது படியில், கையில் சினிமாப் பத்திரிகை. தேவபிரசாதத்தின் மனைவி ஜீவமணி தரையில். நாலு பேருக்கும் அவள் முகம் தெரிகிற இடம் அது. அவளாக அங்கே உட்காரவில்லை. மாமியார் கை காட்டினாள், உட்கார்ந்தாள். அவளுக்கு நேரெதிரே முக்காலியில் நான். மடியில் பலகை, பலகையின் மேல் ஒரு இன்லண்டு லெட்டர்.

என் பெயர் நல்லக்கண்ணு. கயத்தாறு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பத்தொன்பது வருஷமாகத் தபாலாபீஸ் வாசலில் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். ஊரில் ரைட்டர் என்றால் தெரியும். எனக்கென்று ஒரு முறை உண்டு. சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன். எழுதியதை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டுவேன். சொன்னவர் கையெழுத்துப் போட்டதும் அவர் கண் எதிரிலேயே ஒட்டுவேன். இந்த முறையை நம்பித்தான் பெரிய வீடுகளில் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

காரியம் இதுதான். ஜீவமணி தாண்டிக்குடி மலைக்காரி. அவள் தாத்தா காலத்தில் இந்தப் பக்கமிருந்து மலையேறிப் போய்க் காப்பித் தோட்டம் போட்ட குடும்பம். அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். அங்கே இப்போது அம்மாவும் தங்கை கிளாடிஸும் மட்டும். கிளாடிஸை வில்பிரட்டுக்குக் கேட்டு பொன்னுதுரை முன்பே ஒரு கடிதம் போட்டிருந்தார். பதிலை நான்தான் வாசித்துக் காட்டினேன். 'மூத்தவள் வாயால் ஒரு வார்த்தை வரட்டும், பிறகு நாள் குறிக்கலாம்' என்று அம்மா சொல்ல, கிளாடிஸ் எழுதியிருந்தாள். அந்த வார்த்தையை வாங்கத்தான் இந்தக் கூட்டம்.

முதல் பத்தியை பொன்னுதுரை சொல்லி முடித்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஏளா, இனி நீ சொல்லு. எடுத்த எடுப்புல தங்கச்சிய அனுப்புன்னு சொன்னா நாங்க சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் ஊர் நெனப்பு, அப்பன் ஆத்தா நெனப்பு, அப்படி நாலு வரி சொல்லிட்டு கடைசியா அதச் சொல்லு. புரியுதா?"

"சரி மாமா."

"ரெண்டு பொண்ணும் இங்கன வந்துட்டா கெழவி மட்டும் மலையில எதுக்குக் கெடக்கணும்? அவளும் வந்துரட்டும். தோட்டத்தக் குடுத்துட்டு இன்னொரு லாரி வாங்கிப் போடலாம். என்ன ரைட்டரே?"

நான் பேனாவை உதறிக்கொண்டேன்.

இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷத்தில் ஜீவமணி ஒரு தடவைகூட ஊருக்குப் போனதில்லை. அப்பா இறந்த செய்தியைக் கொண்டுவந்த தந்தியை நான்தான் பொன்னுதுரைக்குப் படித்துச் சொன்னேன். அப்போது உப்பு வாருகிற காலம். "லோடு எல்லாம் போவட்டும், பெறவு சொல்லிக்கிடலாம்" என்று தந்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் அவளுக்குச் சொன்னார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் தபாலாபீஸ் வழியாகத்தான் அளத்துக்குப் போனாள், வந்தாள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"அம்மா, இந்நேரம் அங்க பூ மழை விழுந்திருக்கும்னு எழுதுங்க அண்ணாச்சி."

"அது என்ன மைனி பூ மழ?" என்றான் வில்பிரட். "ஆகாசத்துலருந்து பூவா கொட்டுமோ?"

"இல்ல தம்பி. மாசிக் கடைசியில, பங்குனியில ஒரு மழை வரும். அது விழுந்தாத்தான் காப்பி பூக்கும். விழுந்த ஒம்பதாம் நாள் கதவத் தொறந்தா சரிவு பூரா வெள்ளையா நிக்கும்."

"இங்கனயும் வெள்ளையாத்தான் கெடக்கு, அளத்துல போயிப் பாரு" என்றாள் ஞானசௌந்தரி. "இதுக்கு மழ வேண்டாம். மழ விழுந்தா நம்ம பொழப்பு கரைஞ்சி போவும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜீவமணியும் சிரித்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். காப்பி பூப்பதற்கு முன்னால் முருக்கமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். அதில் மைனா அடையும். மைனா சத்தம் கூடினால் மழை பக்கத்தில் என்று அப்பா சொல்வார். இதையெல்லாம் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

தெருவில் லாரி ஆரன் கேட்டது. தேவபிரசாதம் எழுந்தான். "சங்கரன்கோயில் லோடு வந்துட்டு. சீக்கிரம் முடிளா, மைனாவ விடு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பெஞ்சு காலியானது.

"காப்பி பூத்த மூணு நாளும் யாரும் தோட்டத்துக்குள்ள போகமாட்டோம், அண்ணாச்சி. தோள் பட்டாப் பூ உதிர்ந்துரும். களை வெட்டு இல்ல, கவாத்து இல்ல. வருஷத்துல எங்களுக்கு அந்த மூணு நாள்தான் லீவு. பாறை மேல உக்காந்து மரவள்ளிக்கிழங்க அவிச்சுத் தேனத் தொட்டுத் தின்னுவோம். தேனீச் சத்தம் ஆத்துச் சத்தம் மாதிரி இருக்கும். அப்பா வேலியோட நின்னு மோந்து பாத்துட்டு வந்துருவாரு. அப்பாவும் அந்த மூணு நாள் யாரையும் வையமாட்டாரு."

மாடியில் காக்கைச் சத்தம். "ஐயையோ, கருவாடு காயுதே!" என்று ஞானசௌந்தரி முறத்தை வைத்துவிட்டு, வில்பிரட்டைத் தாண்டிக்கொண்டு படியேறினாள். வில்பிரட் ஒரு பக்கம் புரட்டினான், கொட்டாவி விட்டான். "மைனி மலைய ஏறி எறங்குறதுக்குள்ள பொழுது போயிரும். அண்ணாச்சி, சோடா குடிக்கியளா? நான் குடிச்சிட்டு வாரேன்" என்று அவனும் வெளியே போனான்.

மிச்சம் பொன்னுதுரை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, ஜன்னல் காற்று. கண்ணை மூடியிருந்தார், ஆனால் கட்டை மேல் கால் ஆடிக்கொண்டிருந்தது. ஜீவமணி அந்தக் காலைப் பார்த்தபடியே பேசினாள். குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை.

"கிளாடிஸுக்கு அப்ப நாலு வயசு. பூவுக்குள்ள ஓடிருவான்னு அம்மா பழைய சேலையக் கிழிச்சு என் இடுப்போட அவளக் கட்டி விட்டுச்சு. அவ இழுப்பா, நான் பிடிப்பேன். சாயங்காலம் அவுத்து விட்டா, விளையாடாம என் பின்னாலயே வந்தா. கட்டு இல்லாமயே வந்தா. அப்பா பாத்துச் சிரிச்சாரு. வேலியோரம் கமலா ஆரஞ்சு மரமும் அப்பப் பூத்திருந்துச்சு. ரெண்டு வாசனையும் கலந்து..."

கால் ஆடுவது நின்றது. பொன்னுதுரை வாய் திறந்து, ஒரு குறட்டை வந்தது.

"கலந்து வரும். அம்மா, கிளாடிஸ இந்த வீட்டுக்குக் குடுக்காத. மாமன் மகனுக்குப் பேசியாச்சுன்னு பதில் போடு. நான் சொன்னேன்னு எழுதாத. தோட்டத்த விக்காத. அந்த ஆரஞ்சு மரம் இப்பவும் காய்க்குதா? பலா எத்தன பிஞ்சு விட்டிருக்கு?"

தேனீயைச் சொன்ன அதே குரல். என் கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காதில் விழுந்ததை வரிசையாக எழுதிக்கொண்டே போய், பலாப்பிஞ்சுக்கு வந்தபிறகுதான் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். தலையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்திருந்தாள். உப்புத் தின்ற விரல்கள், நுனியெல்லாம் வெடித்திருந்தன.

"அவ்வளவுதான் அண்ணாச்சி" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இனி நான் வாசித்துக் காட்ட வேண்டும்.

வில்பிரட் சோடாவோடு வந்தான். ஞானசௌந்தரி இறங்கி வந்தாள். லாரிக்காரனை அனுப்பிவிட்டு தேவபிரசாதமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். சத்தத்தில் பொன்னுதுரை விழித்துக்கொண்டார்.

"என்ன, சொல்லிட்டாளா?"

"சொல்லியாச்சு அண்ணாச்சி."

"அப்பம் படிங்க, கேப்போம்."

படித்தேன். பொன்னுதுரையின் பத்தி, பூ மழை, மைனா, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் எழுத்துக்கு எழுத்து. இடுப்பில் கட்டிய சேலை வந்தது. ஆரஞ்சு வாசனை வந்தது. அடுத்த வரி கண் முன்னால் நின்றது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றி வாசித்ததில்லை.

"'கலந்து வரும்'" என்று வாசித்துவிட்டு, மூச்சு வாங்குகிற மாதிரி நிறுத்தினேன். பிறகு பேப்பரைப் பார்த்தபடியே, "'கிளாடிஸும் இங்கே வந்தால் எனக்குத் துணையாக இருக்கும். யோசித்து நல்ல பதிலாக எழுதவும். அந்த ஆரஞ்சு மரம் இப்பவும் காய்க்குதா?'" என்றேன்.

ஜீவமணியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகம் எனக்குப் புரிந்தது. நான் எழுதியது எது, வாசித்தது எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தன் வாய்ச்சொல்லை நான் மாற்றி, தங்கையை வரச் சொல்லி எழுதிவிட்டதாகத்தானே நினைப்பாள்? தந்தி வந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தவன்தானே நான்.

"யோசிச்சுன்னு எதுக்குச் சொன்னா?" என்றார் பொன்னுதுரை.

"பெரியவங்களுக்கு எழுதுற கடுதாசி, அண்ணாச்சி. அப்படிச் சொன்னாத்தான் மரியாதை."

"அதுவும் சரிதான். கையெழுத்து வாங்கும்."

ஜீவமணி மலையில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். பெயர் எழுதுவாள், எழுத்துக்கூட்டினால் சின்னச் சொற்கள் வரும். பலகையோடு கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். கையெழுத்துக்கான இடம் கீழே இருந்தது. என் பேனா முனையை அங்கே வைக்கவில்லை. நடுவில், 'கிளாடிஸ்' என்ற பெயர் இரண்டாம் தடவை வருகிற வரியில் வைத்தேன்.

"இங்கன பாத்து, நிதானமாப் போடும்மா" என்றேன்.

குனிந்தாள். தங்கை பெயர் அவளுக்குத் தெரிந்தது. அதற்கு அடுத்த சொல்லுக்குப் போனாள். உதடு மெல்ல அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. என் பேனா முனை அவள் கண்ணோடு நகர்ந்தது. உப்பளக் கூசலில் கெட்ட கண்; எழுத்தைப் பிடிக்க முகத்தைப் பலகைக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"என்ன மைனி, பேரெழுத இம்புட்டு நேரமா? பரீட்சையா எழுதுதிய?" என்றான் வில்பிரட்.

"சும்மா இருலே. ஆறு வருசம் கழிச்சிப் பேனாவப் புடிக்கா" என்றாள் ஞானசௌந்தரி.

ஜீவமணி பேனாவை வாங்கி, கீழே தன் பெயரை எழுதினாள். 'ஜீ'யின் சுழி கோணலாகப் போனது. பேனாவைத் திருப்பித் தரும்போது, "பூ உதிராமப் போயிச் சேரணும் அண்ணாச்சி" என்றாள்.

"கடுதாசியில எங்கன பூ வச்ச?" என்று தேவபிரசாதம் சிரித்தான்.

நான் மடித்தேன். முதல் மடிப்பு, இரண்டாம் மடிப்பு. ஈரத்துணியால் பசை ஓரத்தைத் தடவி அழுத்தினேன். அப்போது வில்பிரட் படியிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டினான்.

"கொண்டாங்க அண்ணாச்சி, நானும் ஒரு தடவ படிச்சிப் பாக்கேன். என் கல்யாணக் கடுதாசியில்லா?"

"ஒட்டிட்டேனே தம்பி."

"ஈரம்தானே, பிரிச்சா வந்துரும்."

கடிதத்தின் ஒரு முனை அவன் விரலில் இருந்தது, மறு முனை என் விரலில். நான் விட்டாலும் தப்பு, விடாவிட்டாலும் தப்பு. ஜீவமணி உளுந்து முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து கல் பொறுக்கினாள். ஒரு கல்லும் அவள் எடுக்கவில்லை.

"ஏலே!" என்று ஞானசௌந்தரி அதட்டினாள். "நல்ல காரியத்துக்கு எழுதுன கடுதாசிய ஒட்டுன பெறவு பிரிப்பாவளா? கிழிஞ்சி போச்சின்னா? எடு கைய!"

"நீ வேற, அம்மா."

"எடுன்னா எடுலே!"

அவன் கையை எடுத்தான்.

"சரி, ஞாயித்துக்கெழம பெட்டியில போட்டா நாளைக்குத்தான் எடுப்பான்" என்றார் பொன்னுதுரை. "ஸ்டேஷனுக்குப் போயி மெயில் வண்டியிலயே போட்டுருங்க. ஏலே வில்பிரட், ரைட்டர சைக்கிள்ல வச்சிக் கொண்டு போ."

எழுந்து பலகையைக் கட்டினேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். மற்ற எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவள் மட்டும் கை காட்டப்பட்ட அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சைக்கிள் கேரியரில் நான், சட்டைப்பையில் கடிதம். எதிர்காற்றில் வில்பிரட் வேர்க்க வேர்க்க மிதித்தான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

"அண்ணாச்சி, அந்தப் புள்ள எழுத்து நல்லா இருக்குமாமே? நீங்க படிச்சியள்லா?"

"நல்ல எழுத்துதான் தம்பி."

"கடல் பாத்திருக்காதுல்லா?"

"இருக்காது."

"வந்தா மொதல்ல துறைமுகத்துக்குக் கூட்டிப் போவணும்" என்றான். அதில் கேலி இல்லை. நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவனைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உள்ளே வந்தவளை ஊர் திரும்ப விடாத அந்த வீட்டுக் கதவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் மெயில் வண்டி நின்றது. அதில் தபால் ஏற்றும் ரயில்பெட்டியின் பக்கவாட்டில், கடிதம் போடுகிற துவாரம். பையிலிருந்து எடுத்து முகவரியை ஒரு தடவை வாசித்தேன். வழி வத்தலக்குண்டு என்றிருந்தது. ஓரங்களை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். காய்ந்து, கெட்டியாகப் பிடித்திருந்தது.

"கொண்டாங்க அண்ணாச்சி, நானே போடுதேன். என் கைராசி நல்ல ராசி" என்றான் வில்பிரட்.

கொடுத்தேன். அவன் உள்ளங்கை வேர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கடிதத்தை நெஞ்சில் ஒரு தடவை வைத்து எடுத்துத் துவாரத்துக்குள் தள்ளினான். உள்ளே போய் விழுந்ததா என்று குனிந்தும் பார்த்தான்.