எப்சிபாவின் கல்

ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த பிரவின்குமாருக்கும் அன்பரசிக்கும், குழந்தைக்கு முன்னாலேயே குழந்தையின் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. படாளத்தில் அவர்கள் போகிற சபையில், புத்தாண்டு ஆராதனை முடிந்ததும், ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வருஷம் அன்பரசி எடுத்தது ஏசாயா அறுபத்திரண்டு, நாலாம் வசனம். இனி உன்னைக் கைவிடப்பட்டவள் என்று சொல்லமாட்டார்கள், எப்சிபா என்றே சொல்வார்கள் என்று அதில் இருந்தது.

பிரவின்குமார் அன்றைக்கே போதகரிடம் போய் விசாரித்தான். எபிரெயப் பெயர், வேதத்தில் இரண்டே பேருக்குத்தான் உண்டு என்றார் அவர். ஒருத்தி எசேக்கியா ராஜாவின் மனைவி. இன்னொன்று, பாழாய்க் கிடந்த எருசலேம். அதற்குக் கர்த்தரே வைத்த பெயர். 'என் பிரியம் இவள்மேல்' என்று பொருள்.

பிப்ரவரியில் அன்பரசிக்கு நாள் தள்ளிப்போனது. பெண்தான் என்று இருவரும் தாங்களாகவே முடிவுகட்டி, வயிற்றைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லியே பேசினார்கள்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலையில், நாள் நிறையாமலே, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அன்று மாலையே போய்விட்டது.

மறுநாள் அன்பரசி படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்க, பிரவின்குமாரும் அவன் அக்கா ரூபாவதியும்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அடக்கப் பதிவேட்டில் எழுத, சபை உபதேசியார் குழந்தையின் பெயரைக் கேட்டார். பிரவின்குமார் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவன் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அந்தப் பேர இதுக்குக் குடுத்துட்டா வாக்குத்தத்தமும் இதோட மண்ணுக்குள்ள பூடும்டா. பத்திரமா வச்சிகினு இரு. அடுத்ததுக்கு ஆவும்."

அக்கா கெட்டவள் இல்லை. ஒன்பது வருஷமும் இவர்களுக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருந்தவள். அதனால்தான் அவனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதச் சொன்னான். அடுத்த வாரம் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருக்கும் கலைவாணனிடம் கல்லறைக் கல்லுக்கும் அதையே எழுதிக் கொடுத்தான்.

அன்பரசியிடம் இதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஐம்பது நாள் கழித்து, கல்லை வந்து பாருங்கள் என்று போன் வந்தபோது அவளும் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நினைத்துக்கொண்டே போனான். சொல்லவில்லை.

பட்டறையில், பாதி செதுக்கிய ஒரு நந்திக்குப் பக்கத்தில் கல் சாத்தியிருந்தது. மேலே சிலுவை. கீழே 'பிரவின்குமார் – அன்பரசி தம்பதியின் பெண் குழந்தை'. அதற்கும் கீழே வெறும் கல். அன்பரசி அதை இரண்டு தடவை படித்தாள்.

"பேரு எங்க?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அக்கா சொன்னதையும், தான் தலையாட்டியதையும். கலைவாணன் உளியைக் கீழே வைத்துவிட்டு, டீ வாங்கி வருகிற சாக்கில் வெளியே போனார்.

அவள் அழவில்லை. கல்லைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கண்ணாடிப் பொட்டியில வச்சிருந்தாங்களே, அப்ப வெளிய நின்னு இன்னா சொல்லிக் கூப்டீங்க?"

அன்று முழுக்க அவன் சொல்லிக்கொண்டு நின்றது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

"இடிஞ்சி கெடந்த ஊருக்குதானே கர்த்தரு அந்தப் பேர வச்சாரு? நல்லா எழும்பட்டும், அப்பால வச்சிக்கலாம்னு அவரு காத்துகினா இருந்தாரு? இன்னொன்னு வந்தா வேற பேரு பாப்போம். வராட்டியும் போவட்டும். இது அவ பேரு."

கலைவாணன் திரும்பி வந்ததும் பிரவின்குமார் ஒரு தாள் கேட்டு வாங்கி, பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தான். கலைவாணன் அளந்து பார்த்தார்.

"இடம் கொஞ்சம்தான் கீது அண்ணாத்த. பொறந்ததும் போனதும் ஒரே தேதி. ஒரு வரியா வெட்டிடட்டா? எல்லாரும் அப்டிதான் பண்றது."

"வாணாம். எழுத்து சின்னதானாலும் பரவால்ல. ரெண்டு வரியா போடுங்க" என்றான் பிரவின்குமார்.

அன்பரசி டீயைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் வாசலுக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டான்.

"பேரு வச்சிட்டோம்க்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம், பிள்ளை பெற்ற வீட்டில் எந்த அத்தையும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இன்னா பேருடா வச்சீங்க?"

அவன் சொன்னான். உள்ளே உளிச் சத்தம் ஆரம்பித்திருந்தது. அக்காவுக்குக் கேட்டிருக்காதோ என்று, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான்.