குட்டி மிஸ்ஸின் தண்ணீர்ப் பாடம்

ஆள் குள்ளம் என்பதால் குழந்தைகள் அவளைக் குட்டி மிஸ் என்று கூப்பிட்டார்கள். அந்த மழலையர் பள்ளியின் சின்ன நாற்காலிகளில் முழங்கால் இடிக்காமல் உட்காரக்கூடிய ஒரே பெரிய ஆள் அவள்தான். மூன்று வயதுக் குழந்தைகளின் அறையில் உதவியாளர் வேலை. காலையில் கதவைத் திறப்பதிலிருந்து, மாலையில் கடைசிக் குழந்தையை அதன் அப்பா வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை, மூக்குத் துடைப்பது, ஷூ மாட்டுவது, ஈரமான ஜட்டியை மாற்றுவது, அழுவதைத் தோளில் போட்டுக்கொண்டே அடம்பிடிப்பதைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவள் தலையில்தான் விடியும்.

பள்ளியை நடத்திய மேடம் பெற்றோர் முன்னால் அவளை “எங்க டீச்சர்” என்பாள். பெற்றோர் கேட்டைத் தாண்டியதும் “ஏம்மா, அந்த வாந்தியைத் துடைச்சியா?” என்பாள்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் குட்டி மிஸ்ஸுக்கு முதலில் கோபம் மூண்டது. டீச்சர் என்று ஊருக்குச் சொல்வதானால் டீச்சராகவே ஆகிவிடுவோம் என்று மழலையர் ஆசிரியர் உரிமத்துக்கான படிப்பில் சேர்ந்தாள். வேலையை விடாமலே படிக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வேலை இவளை விடுமா என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மதியம் குழந்தைகள் தூங்கும்போது பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு கையால் யாராவது ஒரு குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே மறு கையால் பக்கம் புரட்டுவாள். தட்டுவதை நிறுத்தினால் அது விழித்துக்கொள்ளும், தட்டிக்கொண்டே இருந்தால் இவளுக்குத் தூக்கம் வரும். பேருந்தில் நின்றுகொண்டே படித்தாள். வாரக் கடைசியில் கல்லூரி வகுப்பு. வீட்டில் மகள் கேள்வி கேட்பாள், இவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பதில் சொல்வாள். தப்பாகச் சொன்னால் மகள், “அம்மா, போன வாரமும் இதே தப்பு” என்று பெரிய மனுஷி மாதிரி பெருமூச்சு விடுவாள்.

எழுத்துத் தேர்வுகள் எல்லாம் ஒருவழியாக முடிந்தன. மீதி இருந்தது ஒன்றுதான். கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்து பார்க்க, அவர் முன்னால் ஒரு வகுப்பை முழுதாக நடத்திக் காட்ட வேண்டும். வேலை பார்க்கும் இடத்திலேயே நடத்தலாம், அதன் தலைமை ஒப்புக்கொண்டால் போதும். மேடம் ஒப்புக்கொண்டாள். “தாராளமா பண்ணும்மா, இதெல்லாம் கேக்கணுமா?” என்றாள்.

தண்ணீரை வைத்துப் பாடம் என்று முடிவு செய்தாள். எதில் நிறையப் பிடிக்கும், எதில் கொஞ்சமாகப் பிடிக்கும் என்று குழந்தைகளே ஊற்றிப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்த வாயகன்ற கிண்ணம், ஒல்லி பாட்டில், புனல், ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் பையில் கட்டினாள். அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். “வீட்ல டம்ளரே இல்ல. நான் இனிமே குழாயில வாய் வச்சுதான் குடிக்கணும்” என்றான். அவனே கடைக்குப் போய் இன்னும் இரண்டு புனல் வாங்கி வந்தான்.

அந்த நாள் காலையில், மேஜையில் கிண்ணங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது மேடம் வாசலில் வந்து நின்றாள்.

“கைக்குழந்தை அறைக்கு இன்னைக்கு ஆள் வரல. நீ அங்க போ.”

“மேடம், இன்னைக்கு என் பாடம். கல்லூரியிலிருந்து வர்றாங்க.”

“பாடம் எங்க ஓடிப்போகுது? அங்க குழந்தைங்க கத்துறது காதுல விழல?”

விழுந்தது. அதுதான் பிரச்சினை. கைக்குழந்தைகள் நிஜமாகவே கத்திக்கொண்டிருந்தன, அவற்றின் மேல் அவளால் கோபப்பட முடியவில்லை. போனாள். ஒன்றைத் தூக்கி, ஒன்றுக்குப் பால் புகட்டி, இன்னொன்றுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாக மேற்பார்வையாளர் வருவது தெரிந்தது. மேடம் வாசலிலேயே நிறுத்தி ஏதோ சொன்னாள். அந்த அம்மா தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போனார். கையில் பாதி கட்டிய டயப்பரோடு குட்டி மிஸ் எங்கே ஓடுவது?

மதியம் தன் அறைக்குத் திரும்பினாள். தரையெல்லாம் தண்ணீர். கிண்ணங்கள் கழுவுதொட்டியில் குவிந்து கிடந்தன. அந்த அறையின் டீச்சரான பெரிய மிஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“மேடம்தான் அந்தப் பாடத்தை என்னை எடுக்கச் சொன்னாங்க. பெற்றோருக்குப் போட்டோ அனுப்பணுமாம். நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

“எத்தனை தடவை சொன்னீங்க?”

பெரிய மிஸ் துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். 

அன்று மாலை கல்லூரியிலிருந்து போன் வந்தது. “நீங்க இன்னும் தயாரா இல்லைன்னு உங்க மேடம் சொன்னாங்க. பதட்டப்படாதீங்க, இன்னொரு தேதி தர்றோம். ஆனா அதையும் விட்டா அடுத்த வருஷம்தான்.”

குழந்தைகளின் கழிவறையில் நின்று அதைக் கேட்டாள். முழங்கால் உயரத்துக்குக் கைகழுவும் தொட்டிகள். அதில் ஒன்றைக் காலால் எட்டி உதைக்கலாம் போலிருந்தது. உதைத்தால் நாளை அதைத் துடைப்பதும் தானே என்று தோன்றியதும் கோபம் இன்னும் ஏறியது.

நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். “நான் தயாரா இல்லைன்னு சொன்னீங்களா?”

மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “பொய்யா சொன்னேன்? அவங்க வந்தப்ப நீ அங்க இல்லல்ல?”

“நீங்கதானே அனுப்புனீங்க.”

“இங்க பாரும்மா. நீ பாஸ் பண்ணா அடுத்த மாசமே வேற இடம் பாத்துப் போயிடுவ. எத்தனை பேரைப் பாத்திருக்கேன். அப்புறம் இந்தக் குழந்தைங்களை யாரு கழுவி விடுறது? நானா?”

அந்தக் கேள்விக்குப் பதில் குட்டி மிஸ்ஸின் நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் கணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றான்.

“விடு விடுங்கிறீங்களே, எதை விடுறது? படிப்பையா, வேலையையா, மானத்தையா?” சோப்பு நுரையோடு கரண்டியைத் தொட்டியில் எறிந்தாள். “நீங்க ரிப்பேர் பண்ண லிஃப்டுல உங்களையே ஏறக்கூடாதுன்னு சொன்னா விடுவீங்களா?”

அவன் தொட்டியிலிருந்து கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தான். பிறகு, “மேடம் பட்டனை அமுக்குனாதான் நீ மேல போக முடியும்னு நினைச்சிட்டிருக்க. படியும் இருக்குல்ல. மூச்சு வாங்கும், அவ்வளவுதான்” என்றான்.

இரண்டாவது தேதியை அவள் மேடத்திடம் தானாகச் சொல்லவில்லை. கல்லூரியே தகவல் அனுப்பிவிட்டது. அன்று காலையும் மேடம் அதே வாசலில் வந்து நின்றாள். அதே வார்த்தைகள். கைக்குழந்தை அறைக்கு ஆள் இல்லை.

குட்டி மிஸ் சின்ன நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான் போக மாட்டேன் மேடம்.”

“என்ன சொன்ன?”

“போக மாட்டேன்னு சொன்னேன். பாடம் முடிஞ்சதும் போறேன். அதுவரைக்கும் நீங்க பாத்துக்குங்க. அவங்க உங்க ஸ்கூல் குழந்தைங்கதானே.”

“வேலை வேணுமா வேணாமா உனக்கு?”

“அதை மத்தியானம் பேசலாம்.”

குரல் உயரவில்லை. ஆனால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. மேடம் பெரிய மிஸ்ஸைப் பார்த்தாள். பெரிய மிஸ் இந்த முறை, “எனக்கு முதுகு பிடிச்சிருக்கு மேடம், தூக்க முடியாது” என்றாள். முந்தின நிமிடம்வரை அவள் முதுகு நன்றாகத்தான் இருந்தது. மேற்பார்வையாளர் கேட்டுக்குள் நுழைவது தெரிந்ததும் மேடம் விறுவிறுவென்று கைக்குழந்தை அறைக்குப் போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்து எல்லாக் குரல்களும் ஒன்றாகக் கிளம்பின.

ஜெயித்துவிட்டோம் என்று குட்டி மிஸ் நினைத்தாள். கோபம் அப்படிச் சுலபமாக இறங்குகிற சமாச்சாரம் இல்லை. பாட்டிலில் தண்ணீரை ஊற்றி மேஜையில் நங்கென்று வைத்தாள். குழந்தைகள் சுற்றி நின்றார்கள். எப்போதும் எல்லாவற்றையும் முதலில் தொடுகிற வாண்டு ஒருத்தி, சொல்வதற்கு முன்பே ஒல்லி பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள். குட்டி மிஸ் அதை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

குழந்தை அழவில்லை. வெறுமனே பார்த்தது. மேற்பார்வையாளரின் பேனா எழுதும் சத்தம் கேட்டது.

முடிந்தது கதை என்று நினைத்தாள். இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபம் யார் மேல் போய் விழ வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, இடுப்பு உயரம்கூட இல்லாத ஒன்றின் மேல் விழுந்திருந்தது. அது அவளுக்குத் தாங்கவில்லை. மேற்பார்வையாளர் பார்ப்பதை மறந்து குழந்தையின் முன்னால் மண்டியிட்டாள்.

“பிடுங்குனது தப்பு. மன்னிச்சிடு.”

“உனக்குக் கோவமா?” என்று கேட்டது குழந்தை.

“ஆமா. உன் மேல இல்ல.”

“யார் மேல?”

பக்கத்து அறையிலிருந்து மேடம் யாரையோ “அழாதடா, அழாதடா” என்று கெஞ்சுவது கேட்டது.

“ஒரு பெரியவங்க மேல. இந்தா, நீயே ஊத்து. இந்தக் கிண்ணம் ரொம்புமா, வழியுமா, சொல்லு பாக்கலாம்.”

“வழியும்” என்றது அது. வழியவில்லை. அது நம்ப மாட்டேன் என்று மறுபடி ஊற்றியது. மற்றவர்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு பாடம் நன்றாகத்தான் போனது, திட்டமிட்டபடி அல்ல, ஆனாலும் போனது. எல்லோருடைய சட்டையும் நனைந்தது.

மேற்பார்வையாளர் போகும்போது சொன்னார். “பாட்டிலைப் பிடுங்குனதை எழுதியிருக்கேன். அதுக்கு மார்க் குறையும்.”

“குறையட்டும்.” அந்த வருடம் முழுவதிலும் தனக்கு நடந்த நியாயமான காரியம் அது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது.

“மன்னிப்புக் கேட்டதையும் எழுதியிருக்கேன்” என்றார் அவர்.

மேடம் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் வேறு யார் வருவார்கள்? அதற்குப் பதிலாகக் கைக்குழந்தை அறையிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டாள், ஜாடைமாடையாகப் பேசினாள், பெற்றோர் முன்னால் டீச்சர் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டாள். குட்டி மிஸ் டயப்பர் மாற்றினாள், பால் புகட்டினாள், காத்திருந்தாள். குறைந்த மதிப்பெண்ணில் தேறி உரிமம் கைக்கு வந்த வாரமே விலகிக்கொண்டாள். ஒரு தொழிற்சாலை தன் ஆட்களின் குழந்தைகளுக்காக நடத்தும் பள்ளியில் அவளுக்கு ஓர் அறையைக் கொடுத்தார்கள். அங்கே அவளுக்கு ஓர் உதவியாளரும் உண்டு. 

அடுத்த மழைக்காலத்தில் மேடம் போன் செய்தாள். குரலில் தேன் சொட்டியது.

“டீச்சர், நல்லா இருக்கீங்களா? நம்ம ஸ்கூலுக்கு அதிகாரிங்க பாக்க வர்றாங்க. பெரிய மிஸ்ஸும் போயிட்டாங்க. உரிமம் உள்ளவங்க ஒருத்தராவது இருந்தே ஆகணுமாம். ஒரே ஒரு நாள் வந்து நில்லுங்களேன். உங்களை வளர்த்துவிட்ட இடம்.”

குட்டி மிஸ்ஸுக்குக் காது மடல்வரை சுட்டது. இத்தனை நாள் ஆறிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

“வர முடியாது மேடம்.”

“ஏன் டீச்சர், இன்னும் அதையே மனசுல வச்சிருக்கீங்களா?”

“ஆமா, வச்சிருக்கேன். உங்ககிட்ட இப்ப வேலை பாக்குற பொண்ணு யாராவது படிச்சிட்டிருக்காங்களா?”

“ஒருத்தி சேந்திருக்கா. ஏன்?”

“அவங்க பாடம் எடுக்குற அன்னைக்குக் கைக்குழந்தை அறையை நீங்க பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அது போதவில்லை. பெரிய மிஸ்ஸிடம் கேட்டு அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கி, அன்று மாலையே பேசினாள். தான் யார் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது. 

“அக்கா, ஒரு நிமிஷம், கையில புள்ள இருக்கு” என்றாள் அந்தப் பெண்.

“அவசரமில்ல, பொறுமையா பாரும்மா. நான் லைன்லயே இருக்கேன்” என்றாள் குட்டி மிஸ்.