கோடு இல்லை

“கோடே இல்லண்ணே,” என்று அப்துல் அஜீஸ் ஸ்கேனரைத் திருப்பிக் காட்டினார். வண்டியில் பழுது இருந்தால் திரையில் ஒரு எண் வர வேண்டும். பட்டறைக்காரர்கள் அதைத்தான் கோடு என்பார்கள். அப்படி எதுவும் வரவில்லை. ஆனால் டாஷ்போர்டில், இரண்டு கோடுகளுக்கு நடுவே கார் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு மட்டும் ஈவிரக்கமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் சேதுபதி ஏறி இறங்கும் மூன்றாவது பட்டறை இது. காலை ஐந்து மணிக்கு பாசிர் ரிஸ்ஸில் முதல் பயணியை ஏற்றியவர், பன்னிரண்டு மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். இடுப்பு விட்டுப்போயிற்று. முந்தைய இரண்டு பட்டறைகளிலும், வண்டி ஓடுகிறதல்லவா, ஓட்டு என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கென்ன! அந்த விளக்கு எரிந்தால், வண்டி சாலைக் கோட்டைத் தாண்டும்போது ‘பீப்’ சத்தம் வராது. மூன்று மாதத்துக்கு முன் பிடோக் பக்கம் விரைவுச்சாலையில் கண் செருகியபோது அவரை எழுப்பியது அந்தச் சத்தம்தான். விழித்தால் பக்கத்தில் லாரிச் சக்கரம். பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண், கைபேசியைப் பார்த்தபடி. மனைவி பஞ்சவர்ணத்திடம் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள். அன்றிலிருந்து அந்தப் பீப்பை நம்பித்தான் பிழைப்பு. அது இல்லாமல் ஓட்ட அவருக்குப் பயமாக இருந்தது.

“எப்பப்பண்ணே எரியுது?”

“வெள்ளிக்கெழம ஆனா வந்துடுது பாய். நல்ல மழ பேஞ்சா போயிடுது.”

“வெள்ளிக்கெழம எனக்குத்தானே ஜும்மா, உங்க வண்டிக்குமா?” என்று சிரித்த அஜீஸ், சட்டென்று சிரிப்பை விட்டுவிட்டு முன்கண்ணாடியின் உச்சியை எட்டிப் பார்த்தார். “இங்க வாங்கண்ணே.”

சாலைக் கோட்டைப் பார்க்கும் கேமராவுக்கு நேர் எதிரே, கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாதபடி உள்ளிருக்கும் பின்பார்வைக் கண்ணாடி மறைத்திருந்தது.

“கேமராவுக்குக் கண்ணு தெரியல லா. பழுது இல்ல, அதான் கோடும் இல்ல.” ஈரத்துணியை எடுத்தவர், தயங்கி அதைச் சேதுபதியிடமே நீட்டினார். “சாமி சமாச்சாரம். நீங்களே தொடச்சிடுங்க.”

சேதுபதி வீட்டுக்குப் போன் போட்டார்.

“வர்ணம், வண்டியில பொட்டு வெச்சியா?”

“ஆமா, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம. நீங்க குளிக்கிறப்ப கார்பார்க்குக்கு எறங்கிப் போவேன். சிராங்கூன் ரோட்டுக் கோயில் சந்தனம்.”

“முட்டி வலியோட அவ்ளோ ஒசரத்துக்கா?”

“கதவத் தெறந்து, படியில ஏறி நின்னுதான் வெச்சேன். பொட்ட நெத்தியில வெக்காம?”

“இத்தன வருஷம் இல்லாம இப்ப என்ன திடீர்னு?”

போனில் அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

“மூணு மாசமா தூக்கத்துல கால ஒதைக்கிறீங்க. பிரேக் மிதிக்கிற மாதிரி. எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்.”

சேதுபதி துணியைப் பட்டறை மேசையில் வைத்துவிட்டு, கட்டைவிரலால் பொட்டை அழுத்தித் துடைத்தார். உள்ளே டாஷ்போர்டில் விளக்கு அணைந்தது. அதே நேரம் வண்டியிலிருந்த இன்னொரு கைபேசியில் அடுத்த பயணியின் அழைப்பு வந்தது. ஏற்கச் சொல்லும் பட்டனைச் சுற்றி வினாடிகள் குறைய ஆரம்பித்தன.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றார். சந்தனம் அப்பிய கட்டைவிரல் அந்த பட்டன் பக்கம் போகவில்லை. “வர்ணம்... அன்னிக்கு பிடோக் தாண்டி வந்துட்டிருந்தேன்...”