இருபது நிமிடம் கழித்து வரும் படகு

நாங்கள் கடைசியாகப் பேசியது ஒரு படகைப் பற்றி. நிஜப் படகு அல்ல, கணினி விளையாட்டில் வரும் படகு. தங்கை சமையலறையில் நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள் அவள் எழுதிக் கொடுத்திருந்த தாளை நான் சிவப்புப் பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சலிப்புன்னு எழுதியிருக்கியே, திட்டறியா?"

"திட்டல."

"அப்ப பாராட்டறியா?"

"பாராட்டவும் இல்ல."

"பின்ன என்னதான்டி சொல்ல வர்ற?"

"சாயங்காலம் வந்து சொல்றேன், பஸ் போயிடும். நீ புள்ளி, கமா மட்டும் பாருண்ணா. அபிப்ராயத்துல கை வைக்காத."

ரொட்டித் துகளைத் தட்டிவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் ஆளைத் தனக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்ல வேண்டும். நடுநடுவே சத்தமே கொடுக்காமல் விட்டுப் பார்ப்பாளாம். அப்போதும் சிலர் அமுக்குவார்களாம். அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஒரு பெரியவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, வெளியே தன் மேசையில் தலையைச் சாய்த்தாள். மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததாகப் பிறகு மருத்துவர் சொன்னார். உள்ளே இருந்த பெரியவர் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்காக வெகுநேரம் காத்திருந்திருக்கிறார். சோதனை நடக்கிறது என்றே நினைத்தாராம். வரவேற்பறை அம்மா இதை என்னிடம் சொல்லும்போது, அந்தப் பெரியவர் மேல் கோபப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை, சண்டைக்குச் சமையலறை. நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். மருந்துப் பெட்டிக்குள் நான்காக மடித்து வைத்திருக்கும் தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனால் ஆளே போய்விடுவான். அந்தப் புள்ளியைப் பிடிப்பது என் வேலை. அவளோ வீட்டுக்கு வந்தால் கணினியின் முன் உட்காருவாள். ஊரே ஆடும் விளையாட்டுகளை ஆட மாட்டாள். ஒற்றை ஆளாக யாரோ எங்கோ உட்கார்ந்து செய்த, நூறு பேர்கூட வாங்காத விளையாட்டுகளைத் தேடிப் பிடிப்பாள். ஆடி முடித்ததும், பயன்படாத காது வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் தன் கருத்தை எழுதி என்னிடம் கொடுப்பாள். நான் திருத்தித் தருவேன். விளையாட்டு விற்கும் இணையதளத்தில் ஏற்றுவாள். கடைசியில் 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' இரண்டில் ஒன்றைக் குறித்தாக வேண்டும். அதைத் தாளின் அடியிலும் எழுதியிருப்பாள். அங்கே அவள் பெயர் 'சும்மா'.

அப்படி நூற்று நாற்பத்து மூன்று கருத்துகளைத் திருத்தியிருக்கிறேன். ஒரு விளையாட்டைக்கூட ஆடியதில்லை.

அவளுடைய தீர்ப்புகள் எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. தபால் நிலையக் கவுன்ட்டரில் உட்கார்ந்து முத்திரை குத்தும் விளையாட்டு ஒன்று. "தொண்ணூறு மணி நேரம் ஆடினேன். நீங்கள் ஆடாதீர்கள்" என்று எழுதி, 'பிடிக்கவில்லை' என்று குறித்தாள். நத்தை ஒன்று சுவரேறும் விளையாட்டை நான்கே நிமிடத்தில் மூடிவிட்டு, "போதும், அருமை" என்று எழுதி, 'பிடித்தது' என்றாள். நாடக அரங்கில் நாற்காலிகளை அடுக்கும் ஒன்றுக்கு, "கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் கீச்சிடுகிறது. அதைச் செய்தவருக்கு வணக்கம்" என்று ஒரே வரி. நாயாக மாறித் தெருத்தெருவாகத் திரியும் விளையாட்டில் நாய்க்குச் செருப்புச் சத்தம் வைத்துவிட்டார்களாம். அதற்கு ஒன்றரைப் பக்கம் வசை. ஆனால் அடியில் 'பிடித்தது'. கொலைகாரன் யாரென்று கடைசிவரை சொல்லாத ஒரு துப்பறியும் கதைக்கு, "நானும் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தாள்.

எந்த விளையாட்டைத் திறந்தாலும் முதல் பத்து நிமிடம் ஒன்றும் செய்ய மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள்.

"காசு குடுத்து வாங்கி வேடிக்கையா பாக்கற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நாம ஒண்ணும் பண்ணாதப்ப அது எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும்ல."

"பொண்ணு பாக்கப் போன மாதிரி பேசற."

"உனக்கு நாலு எடத்துல பாத்தோமே, நீயும் சும்மாதான உக்காந்திருந்த? எவளாவது புடிச்சதுன்னு சொன்னாளா?"

இப்படி வாரிவிட்டால் அப்புறம் இரண்டு நாளைக்கு நான் பேச மாட்டேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது. ஹெட்போன் மாட்டியிருப்பாள்.

அவள் போன பதினாறாம் நாள், படகுக் கருத்தையாவது ஏற்றிவிடலாம் என்று அவள் கணினியைத் திறந்தேன். தாளில் இருந்தது இவ்வளவுதான்: "இந்தப் படகுத்துறையில் படகு வர இருபது நிமிடம் ஆகும். அதுவரை ஒன்றும் நடக்காது. மூன்றாம் தடவையும் காத்திருந்தேன். சலிப்பு." அடியில் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று எழுதியிருக்கவில்லை. அதை எழுதாமல் அவள் தாளைக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

கணினியில் ஒரு செய்தி காத்திருந்தது. அந்த விளையாட்டைச் செய்த பெண் எழுதியது. விளையாட்டு இன்னும் விற்பனைக்கு வரவில்லை. பத்துப் பேருக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்திருக்கிறாள். "சும்மா அக்கா, ஒன்பது பேரும் காத்திருப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் சொல்லாமல் கை வைக்க மாட்டேன். வரும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்." கீழே தொலைபேசி எண்.

அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம், "அவங்க நேர்ல எப்படி இருப்பாங்கன்னுகூட எனக்குத் தெரியாது சார்" என்றாள். பகலில் டயர் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலையாம். நான்கு வருடமாக இந்தப் படகைச் செய்கிறாளாம்.

தாளைப் படித்துக் காட்டினேன்.

"மறுபடி படிங்க சார்."

மறுபடி படித்தேன்.

"மூணு தடவ காத்திருந்தாங்கன்னா பிடிச்சிருக்குன்னுதான அர்த்தம்?"

"தொண்ணூறு மணி நேரம் ஆடிட்டுப் பிடிக்கலன்னு எழுதினவம்மா அவ."

"அப்ப பிடிக்கலையா?"

"நாலு நிமிஷத்துல மூடிட்டுப் பிடிச்சதுன்னும் எழுதியிருக்கா."

"சார், எனக்குத் தல சுத்துது."

"எனக்குப் பத்து வருஷமா சுத்துதும்மா."

விளையாட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏன் சொன்னேனோ.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தேன். அவள் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தது. ஒரு காத்திருப்பு அறை, வெளியே மழை. நீலச் சட்டை போட்ட பெண்ணுருவம் ஒன்று ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. முகம் தெரியவில்லை, முதுகுதான். எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்தேன். மேலே போக என்ன செய்வதென்று தெரியவில்லை. விசைப்பலகையில் ஏதோ ஒன்றை அமுக்கினேன். உருவம் எழுந்து நின்றது. மூலையில் 'சேமிக்கப்பட்டது' என்று ஒரு சொல் மின்னி மறைந்தது.

எல்லா விசைகளையும் அமுக்கிப் பார்த்தேன். அது நடந்தது, திரும்பியது, சுவரில் போய் முட்டியது. உட்காரவில்லை. விளையாட்டை மூடிவிட்டு மறுபடி திறந்தாலும், நின்றுகொண்டிருந்த இடத்தில்தான் நின்றது. வாய்விட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். மனிதர்களிடம்கூட அவ்வளவு பதற்றத்தோடு நான் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தப் பெண்ணை அழைத்தேன்.

"உக்காந்திருந்தவள எழுப்பிட்டேம்மா. எப்படித் திரும்ப உக்கார வைக்கிறது?"

"உக்காரவா? என் விளையாட்டுல உக்காரவே முடியாதே சார்."

"நான் பாத்தேனே. ஜன்னல் பக்கப் பெஞ்சுல."

"அது பெஞ்ச் இல்ல, சாமான் வைக்கிற மேடை. உக்கார்ற மாதிரி நான் வரையவே இல்ல."

"மேடைக்குள்ள கால் மாட்டிக்கிட்டு அப்படித் தெரிஞ்சிருக்குமோ?"

"இருக்கலாம். நான் போட்டுப் பாக்கறேன்."

அன்று சாயங்காலம் திரும்ப அழைத்தாள். மேடையின் நான்கு பக்கமும் முட்டிப் பார்த்தாளாம், அப்படி எதுவும் ஆகவில்லையாம். "நிச்சயமா உக்காந்துதான் இருந்தாங்களா சார்?" என்றாள். அரைப்புள்ளி அளவு அழுக்கைக்கூட எழுத்தா தூசியா என்று சொல்லிவிடும் கண்கள் என்னுடையவை. ஆனால் அவள் கேட்டதும் என்னால் நிச்சயம் என்று சொல்ல முடியவில்லை. எழுந்து நின்றதைப் பார்த்தேன். எழுந்து நின்றதால் அதற்கு முன் உட்கார்ந்திருந்ததாக நினைத்துக்கொண்டேனோ? காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றையும் என் விரலே அழித்துவிட்டது.

"எத்தன மணி நேரம் ஆடியிருக்காங்கன்னு அங்க காட்டும் சார்."

பார்த்தேன். பதினொரு மணி நேரம்.

"மொத்தமே நாப்பது நிமிஷ ஆட்டம்" என்றாள். "அவ்ளோ நேரம் அங்க என்ன பண்ணாங்க?"

எனக்கும் அதுதான் கேள்வி. அடுத்த அறையில் நான் மருந்துச் சீட்டுகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்த சாயங்காலங்களில், அவள் ஒன்றும் நடக்காத ஓர் அறைக்குள் பதினொரு மணி நேரம் இருந்திருக்கிறாள். நிம்மதியாக இருந்தாளா, மாட்டிக்கொண்டு இருந்தாளா? தலைவலியோடு இருந்தாளா? தலைவலி என்று அவள் சொல்லி, நான்தான் காதில் வாங்காமல் விட்டேனா?

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மழை பெய்தது. ஐந்து நிமிடத்தில் அச்சக வேலை ஞாபகம் வந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் மூக்கு அரித்தது. பதினான்காவது நிமிடத்தில் யாரோ இருமியது போல் இருந்தது. நான்தான் இருமினேனா என்று தெரியவில்லை. இருபதாவது நிமிடம் படகு வந்தது. சின்னப் படகு, உள்ளே ஆளே இல்லை. உருவத்தை நடத்திக்கொண்டுபோய் ஏற்றினேன். அக்கரை வந்தது. நாலு தெரு, ஒரு வீடு, அவ்வளவுதான், முடிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்ற வேண்டும் என்று வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அந்தப் பெண் அழைத்துவிட்டாள்.

"என்ன சார், ஏதாவது புரிஞ்சுதா?"

பிடித்திருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த இருபது நிமிடம் பிழைத்திருக்கும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் நூற்று நாற்பத்து மூன்று தடவையும் தங்கையின் அபிப்ராயத்தில் நான் கை வைத்ததில்லை.

"தெரியலம்மா. உண்மையாவே தெரியல."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

"நான் இதெல்லாம் ஆடினதில்ல. என்னக் கேட்டு முடிவு பண்ணாத."

"ஒன்பது பேரு ஒரு பக்கம் சார். இன்னொரு பக்கம் யாராவது ஒருத்தர் இருந்தா, நானும் துணிஞ்சு அப்படியே விட்டுருவேன்."

நான் பேசவில்லை. "சரி சார், உடம்பப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

விளையாட்டு விற்பனைக்கு வந்தபோது காத்திருப்பு மூன்று நிமிடமாக இருந்தது. வாங்கியவர்களில் பலருக்குப் பிடித்திருக்கிறது. அழகான விளையாட்டு என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூடச் சலிப்பு என்று எழுதவில்லை. நான் செய்தது சரியா என்று அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஒருநாள் சரி என்று படுகிறது. மறுநாள், தங்கை ஒரே ஒரு முறை என்னை நம்பி முடிவை என்னிடம் விட்டாளோ, நான் அதையும் கமாவைப் போலப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேனோ என்று படுகிறது.

அந்தப் பத்துப் பேருக்குக் கொடுத்த பிரதிகள் தாமாக மாறிக்கொள்வதில்லையாம். தங்கையின் கணினியில் படகு இப்போதும் இருபது நிமிடம் கழித்துத்தான் வருகிறது.