கதவுக்கடியில் வந்த ஆறு இலைகள்

பூட்டு கதவில் இருந்தது. சாவி என் மகளின் கைப்பையில் இருந்தது. கைப்பை அவளுடைய அலுவலகத்தில் இருந்தது. நான் ஒன்பதாவது மாடியில், கதவுக்கு உள்பக்கம் இருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் நான் பார்த்த உத்தியோகமே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்.

ஒரு தடவை, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டைத் திறந்தேன். ஏறியது மூன்று பேர் என்று காவலாளி சத்தியம் செய்தார். இறங்கியது நான்கு பேர். நான்காவது ஆளை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தேன். "நான் போன வாரம் ஏறினதுங்க" என்றார். தாடி வளர்ந்திருந்தது. நீங்கள் நம்பாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவருடைய ஆபீஸில் நம்பி ஒரு வாரம் லீவு கொடுத்துவிட்டார்கள்.

என்னை ஏன் பூட்டினார்கள் என்றால், தப்பு என்னுடையதுதான். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் ஆறாவது மாடியைத் தாண்டும்போது பல்வலிக்காரன்போல முனகும். எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் போய்வந்தார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போனேன். திருகாணியை முடுக்கினேன், எண்ணெய் விட்டேன், முனகல் நின்றது. மோட்டார் சத்தம் என்னை ஆயுசு முழுக்கத் தாலாட்டிய சத்தம். அப்படியே சுவரில் சாய்ந்தவன் தூங்கிப்போனேன். போன் வீட்டில். என் மகள் இரண்டு மணியிலிருந்து ஏழு மணி வரை தேடியிருக்கிறாள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்தேன். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். அதனால் மறுநாள் காலையில் பூட்டு இரண்டு முறை திரும்பிய சத்தம் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்திருக்கலாம் என்று இரண்டாவது வாரத்தில் தோன்றியது. கதவிலிருந்து பால்கனிக் கம்பி வரை பத்தொன்பது அடி. கம்பியிலிருந்து கதவு வரை இருபது அடி. திரும்பி வரும்போது ஒன்று ஏன் கூடுகிறது என்று ஒரு நாள் முழுக்க நடந்து பார்த்தேன், தெரியவில்லை. பார்சல் கொண்டுவருகிறவர் மணி அடித்து, "பெரியவரே, கதவைத் திறங்க" என்பார். "நீங்க திறங்க, நான் வந்துடுறேன்" என்பேன். அவர் பார்சலைக் கதவோரம் வைத்துவிட்டு லிஃப்டுக்கு ஓடிவிடுவார்.

சாவி கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒருநாள் என் மகள் கையில் ஒரு தொட்டியோடு வந்து நின்றாள். தொட்டியில் பாம்புச் செடி. ஆறு இலை, ஒவ்வொன்றும் முழங்கை நீளம், பச்சையில் வரிவரியாகக் கோடு, ஓரத்தில் மஞ்சள் கரை.

"அப்பா, ஒரே பேச்சு. இதை நூறு நாள் உயிரோட வச்சிருங்க. சாவி உங்க கையில."

"செத்துப்போச்சுன்னா?"

"இது சாகாதாம். எருமை மாதிரி, எதுக்கும் அசையாதாம். இதைச் சாகடிக்கிறதுக்கே தனித் திறமை வேணும்னு கடைக்காரர் சொன்னார். இதையே பாத்துக்க முடியலன்னா, உங்கள நீங்க எப்படிப் பாத்துப்பீங்க? அப்புறம் சாவிப் பேச்சே எடுக்கக் கூடாது."

என் மாப்பிள்ளை கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். மனைவி பக்கமும் சேராமல் மாமனார் பக்கமும் சேராமல், "நல்ல யோசனைதான், மாமா" என்று நடுவில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்குத் திறமைக்குக் குறைவில்லை என்பது முப்பத்தோராவது நாள் தெரிந்தது.

தொட்டியில் ஒரு அட்டை செருகியிருந்தது. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அதுவும் வேண்டாம். படித்தேன். சிரித்தேன். மெக்கானிக்கிடம் வந்து "மூன்று வாரம் தொடாதே" என்று சொல்கிறவன் மெஷினை விற்றுவிட்டு ஊரைவிட்டு ஓடப்போகிறவன். தினமும் பதினோரு மணிக்கு அரை டம்ளர் ஊற்றினேன். எண்ணெய் விடுவதுபோல, பதமாக. ஈரத்துணியால் இலைகளைத் துடைத்தேன். லிஃப்டின் கதைகளைச் சொன்னேன். செடி குறுக்கே பேசாமல் கேட்டது. என் வீட்டில் அப்படி ஒரு ஜீவன் இருந்தது அப்போதுதான்.

முப்பத்தோராவது நாள் ஒரு இலையைத் துடைக்கப் பிடித்தேன். என்னோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் அழுகிய வெங்காயம். அடுத்த இலையைத் தொட்டேன், அதுவும் வந்தது. ஆறும் வந்தன. கையில் ஆறு இலைகளோடு பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி சாகும்வரை இந்தப் பத்தொன்பது அடிதான் என்று தெரிந்தபோது முழங்கால் நடுங்கியது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். செத்த பாம்புக்கு நடுங்கியவன் நான் ஒருவன்தான்.

எதிர் ஃபிளாட்டில் ஒரு டீச்சர், ஓய்வு பெற்றவர். காலையில் மாடிப்படிக்குத் தண்ணீர் தெளித்துப் பெருக்குவார். கதவுக்கடியில் அரை அங்குலம் இடைவெளி உண்டு. தரையில் குப்புறப் படுத்து, அந்த இடைவெளி வழியாகக் கூப்பிட்டேன்.

"டீச்சர்! டீச்சரம்மா!"

துடைப்பம் நின்றது. "ஐயா? எங்கிருந்து பேசுறீங்க?"

"கீழேருந்து. உங்க செருப்புதான் தெரியுது. உங்க வீட்டுல பாம்புச் செடி இருக்கா?"

"நாலு தொட்டி இருக்கு. அது குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். ஏன்?"

சொன்னேன். மண் சேறாகக் கிடப்பதையும் சொன்னேன்.

"தினம் அரை டம்ளர்தானா? அதுக்கு இவ்வளவு சேறு ஆகாதே ஐயா. வேற யாரு ஊத்துறாங்க?"

"யாரும் இல்ல. என் பொறுப்பு."

"ஒரு வகுப்புல நாப்பது பிள்ளைங்க 'நான் இல்ல'ன்னு சொல்லிக் கேட்டவ நான். வேற யாரோ ஊத்துறாங்க."

டீச்சர் திட்டம் போட்டார். அவர் வீட்டுச் செடிக்கும் மஞ்சள் கரை உண்டு. அதிலிருந்து ஆறு இலை வெட்டுவார். ஆனால் வெட்டிய வாய் மூன்று நாள் காய வேண்டும். பச்சையாக நட்டால் அதுவும் அழுகும். அந்த மூன்று நாளை நான்தான் சமாளிக்க வேண்டும்.

சமாளித்தேன். செத்த இலைகளுக்குப் பின்னால் குச்சி வைத்து, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பால் ஒட்டி நிறுத்தினேன். சாயங்காலம் என் மகள் வந்து தள்ளி நின்று பார்த்தாள்.

"கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கே அப்பா."

"ஆமாம்மா. நானும்தான்."

நான்காம் நாள் பத்து மணிக்குக் கதவுக்கடியில் முதல் இலை நுழைந்தது. பாம்பு வருவதுபோலத்தான் வந்தது. தலை முதலில், பிறகு உடம்பு, மஞ்சள் ஓரம் தரையை உரச. ஆறு இலை வந்தது. ஈர மண்ணில் நட்டால் பழைய கதைதான் என்பதால், காய்ந்த மண்ணும் பாதிக்குப் பாதி மணலும் கலந்து, செய்தித்தாளில் பரப்பி, தாளோடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினார். முப்பது தாள் ஆயிற்று. அன்றைக்குச் செய்தித்தாளை மண்ணோடு படித்தேன். என் பக்கத்திலிருந்து செத்த இலைகளும் பழைய சேறும் வெளியே போயின. யாராவது படியில் ஏறி வந்திருந்தால், ஒரு பெண்மணி பூட்டிய கதவுக்கு முன் மண்டியிட்டு அழுகிய இலையை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். லிஃப்ட் நன்றாக ஓடியதால் யாரும் படியில் வரவில்லை. அதுவும் என் கைங்கரியம்.

"மூணு வாரம் ஒரு சொட்டு கூடாது" என்றது கதவுக்கடியிலிருந்து குரல். "காவல் இருங்க."

மெஷின் ரூமில் சர்வீஸ் அட்டை என்று ஒன்று தொங்கும். எண்ணெய் விட்டவன் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அதுபோல ஒரு அட்டை எழுதித் தொட்டியில் தொங்கவிட்டேன். 'தண்ணீர் ஊற்றுபவர் கையெழுத்திடவும்.' மறுநாள் அட்டை வெறுமையாக இருந்தது. மண் ஈரமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை ஆறரைக்கே திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஏழு மணிக்கு என் மகள் பூனைபோல வந்தாள். கையில் சொம்பு.

"நில்லு" என்றேன்.

சொம்பு குலுங்கியது. "நீங்க மறந்துடுவீங்கன்னு... கொஞ்சூண்டுதான்பா. முதல் நாளிலேருந்து."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மாப்பிள்ளை மாட்டினார். பாட்டிலோடு.

"மாமா, நீங்க ஜெயிக்கணும்னுதான். நீங்க வெளிய போய் வந்தாத்தான் அவளும் பயப்படாம இருப்பா. அவகிட்ட சொல்லிடாதீங்க."

அவள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி நின்றோம்.

"அப்போ தினம் மூணு வேளையா?" என்றாள் என் மகள். "இவ்வளவையும் குடிச்சுட்டு இது பாட்டுக்கு நிக்குதே! என்ன செடிப்பா இது!"

"கடைக்காரர் அன்னைக்கே சொன்னாரே" என்றேன்.

அதன்பிறகு யாரும் தொடவில்லை. நான்தான் தொடாமல் இருப்பதற்குச் செத்தேன். ஒன்றும் செய்யாமல் ஒன்றைப் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்று முப்பத்தெட்டு வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பதினோரு மணிக்குக் கை தானாக டம்ளரைத் தேடும். கையை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். செடி ஒரு மூலையில் அசையாமல், நான் ஒரு மூலையில் அசையாமல். யார் யாருக்குக் காவல் என்று காலண்டருக்கே குழப்பம் வந்து, ஒரு வாரம் இரண்டு புதன்கிழமை காட்டியது.

தொண்ணூற்றேழாவது நாள் மண்ணை முட்டிக்கொண்டு ஒரு முளை வந்தது. மறுநாள் இன்னும் இரண்டு. டீச்சர் கதவுக்கு வெளியே கைதட்டினார். நூறாவது நாள் சாயங்காலம் என் மகள் புதுச் சாவியோடு வந்தாள். மேஜைமேல் வைத்தாள். அது கிடந்து மின்னியது. பிறகு செடிமுன் குனிந்தாள்.

"அட, குட்டி போட்டிருக்கே!" என்றவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா, குட்டிக்கு மஞ்சக் கரை இல்லையே. எங்க போச்சு?"

எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்றும் வெறும் பச்சை.

"வீட்டுக்குள்ளேயே இருக்கிறதுக்கு எதுக்குக் கரை போட்ட துணின்னு விட்டிருக்கும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்துத் தடவினாள். வாய்விட்டுப் படித்தாள். வேரிலிருந்து வரும் குட்டிக்குத்தான் கரை வருமாம். இலையை வெட்டி நட்டு வந்தால் கரை வராதாம்.

"அப்பா. பழைய செடி செத்துப்போச்சா?"

சொல்வதற்கு என்னிடம் மூன்று கதைகள் தயாராக இருந்தன. ஒன்றில் சிலந்தி வரும். தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் டார்ச்சோடு நின்ற முகம் நினைவுக்கு வந்தது. "செத்துப்போச்சும்மா" என்றேன்.

"இந்த இலை எங்கேருந்து வந்துச்சு? கதவுதான் பூட்டியிருந்துச்சே."

கதவுக்கடியைக் காட்டினேன்.

அவள் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். கதவருகே போனாள். அலுவலக உடையோடு, தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து அந்த அரை அங்குலம் வழியாக வெளியே பார்த்தாள். வெளியே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கீற்று வெளிச்சம். டீச்சரின் செருப்பு. வெகுநேரம் பார்த்தாள். எழுந்தபோது கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது, நான் பெருக்காமல் விட்ட மண். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை என்னைப் பார்க்காமலே கிளம்பினார். பின்னாலேயே அவள். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு திரும்பியது. ஒன்று. இரண்டு. நான் பால்கனியைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். ஐந்தாவது அடியில் பின்னால் உரசும் சத்தம் கேட்டது.

கதவுக்கடியில் சாவி வந்துகொண்டிருந்தது. ஸ்கேலால் தள்ளுகிறாள்போல, விட்டு விட்டு வந்தது.

"அப்பா" என்றது கீழேயிருந்து குரல். "மெஷின் ரூம் பக்கம் மட்டும் போகக் கூடாது."

"சரிம்மா."

"சத்தியமா?"

"லிஃப்ட் முனகாத வரைக்கும்."

பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன். டீச்சர் வீட்டு மணியை அடித்து, முதன்முறையாக அவர் முகத்தை அருகிலிருந்து பார்த்தேன். செருப்பைவிட வயசானவர். லிஃப்டில் இறங்கினேன். வாசல் வரை போனேன். தெருமுனை வரை போனேன். வெயில் அடித்தது. தெருமுனையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்தேன். போகவர மொத்தம் பன்னிரண்டு நிமிஷம்.

வீட்டுக்குள் வந்து, என் சாவியால் உள்ளிருந்து பூட்டினேன். இரண்டு முறை.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, செடியைப் பார்த்தேன்.

"வெளிய."

"எப்ப வருவீங்க?"

"பாப்போம்மா" என்றேன்.