பேய்க்குத் தண்ணி கலக்கியவன்

தன் படத்தில் யாரும் சிரிக்கக் கூடாது என்று பரஞ்சோதி முதல் நாளே சொல்லிவிட்டார். திரைக்கு முன்னால் மட்டுமல்ல, கேமராவுக்குப் பின்னாலும்.

சுங்கைப்பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகளாகத் தரப் பரிசோதகர் அவர். ஓட்டை விழுந்த கையுறை ஒன்றுகூடத் தன் மேசையைத் தாண்டியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. நாற்பத்தாறாவது வயதில் சொந்தமாக ஒரு கேமரா வாங்கி, வட்டாரக் குறும்பட விழாவுக்காக இருபது நிமிடப் பேய்ப்படம் எடுக்க இறங்கினார். கதை சிக்கலில்லாதது. தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயன் வீடு ஒன்றுக்கு ஒருவன் குடிவருகிறான். அங்கே ஏற்கெனவே ஒரு பேய் இருக்கிறது. கடைசியில் அவன் அலறுகிறான்.

சுங்கை லாலாங் பக்கம் எண்ணெய்க்கான செம்பனை மரங்களுக்குள் காலியாகக் கிடந்த ஒரு லயன் வீட்டைத் தோட்ட நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தது. அதுவும் பிற்பகல் மூன்று மணிவரைதான். அதனால் ஜன்னலையெல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக்கால் அடைத்துப் பகலை இரவாக்கினார்கள். உள்ளே ரொட்டி வேகும் சூடு.

பேயாக நடித்தவர் நளினி, தமிழ்ப்பள்ளியில் குமாஸ்தா. இடுப்புவரை சொந்த முடி. மகளை முதலாம் ஆண்டில் பதியப் போனபோது பரஞ்சோதி பிறப்புப் பத்திரத்தை மறந்துவிட்டார். நளினி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பரஞ்சோதி வீட்டுக்கு ஓடினார். ஓடும்போதே பேயைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

குடிவருகிறவன் குணாளன், செம்பனைப் பழ லாரி ஓட்டுபவன். கரங்கான் கோயில் திருவிழாவில் மைக் கெட்டுப்போனபோது தேர் வருவதை வெறும் வாயால் ஊருக்கே அறிவித்தவன். அந்தத் தொண்டையிலிருந்து ஓர் அலறல் வந்தால் போதும் என்று பரஞ்சோதி கணக்குப் போட்டார்.

இரண்டாவது ஞாயிறு அந்த அலறலை எடுக்க வேண்டிய நாள். பேய் குளியலறை வாசலில் வந்து நிற்கும் என்று குணாளனுக்குப் பத்துத் தடவை ஒத்திகை பார்த்தார்கள். பயம் நிஜமாக இருக்கட்டுமே என்று நினைத்த பரஞ்சோதி, அவனுக்குத் தெரியாமல் நளினியைப் பின்பக்க அறையிலிருந்து வரச் சொன்னார்.

கேமரா ஓடியது. குணாளன் குளியலறையையே பார்த்து நின்றான். கழுத்தருகே மூச்சுச் சத்தம். திரும்பினான். வாய் திறந்தது. அலறல் வரவில்லை. ஆறடி ஆள் நாலடியாகக் குறுகி, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டான்.

"வாங்கக்கா," என்றான். "உக்காருங்க. தண்ணி கலக்கவா?"

ஒலிப்பதிவு பார்த்த யோகேந்திரன் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். நளினி மட்டும் கலையவில்லை. 'கட்' என்ற சொல் வரும்வரை பேய்தான் என்பது அவர் கொள்கை. மெதுவாக நடந்து போய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெற்றியிலிருந்து சாயம் சொட்டியது. குணாளன் மூலையில் இருந்த குழுவினரின் பிளாஸ்க்கைத் திறந்து, சொன்ன தண்ணியாக ஒரு கோப்பை தேநீர் ஊற்றி நீட்டினான். பேய் வாங்கிக் குடித்தது. கோப்பையைக் கீழே வைத்தது. கண் சிமிட்டாமல் அவனைப் பார்த்தது.

"சீனி பத்தல."

"கட்," என்றார் பரஞ்சோதி. "குணா, என்ன லா இது?"

"தெரியலண்ணே. பயந்தா எனக்கு மரியாதைதான் வருது. சிக் காட்டுப் பக்கம் யானை லாரிய மறிச்சப்பவும், போயிட்டு வாங்கன்னுதான் சொன்னேன்."

"இது பேய்ப்படம். பேய்க்கு யாராவது தண்ணி கலக்குவாங்களா?"

"கலக்கிட்டேனே," என்றான் குணாளன் வருத்தத்தோடு.

பதினோராவது முறை எடுத்தபோது, கதையில் எழுதியிருந்ததுபோலவே அலறினான். பரஞ்சோதி திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

அந்த வாரம் வரவேற்பறையில் உட்கார்ந்து படத்தைத் தொகுத்தார். மனைவி தேவகி பக்கத்தில் அவருடைய வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அலறல் காட்சியைப் போட்டுக்காட்டினார். தேவகி நிமிர்ந்து பார்த்து, "ம், நல்லாருக்கு," என்று காலரைத் திருப்பினார். அந்த 'நல்லாருக்கு' எப்படிப்பட்டது என்று பதினெட்டு வருடக் கல்யாணத்தில் பரஞ்சோதிக்குத் தெரியும்.

அடுத்த படத்துண்டு தானாக ஓடியது. வாங்கக்கா, உக்காருங்க. தேவகி குலுங்கிச் சிரித்தார். பேய் தேநீர் குடித்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தார். 'சீனி பத்தல' என்ற குரல் வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. திரையில் குணாளனின் முகத்தையே பார்த்தபடி அசையாமல் நின்றார். கருகல் வாடை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். சட்டையின் முதுகில் முக்கோணமாக ஓட்டை.

"அவன இப்ப அது என்ன செய்யும்?" என்று கேட்டார்.

"அது வேண்டாத காட்சி. அழிக்கப் போறேன்."

"அந்த அலறல அழிங்க."

பரஞ்சோதிக்கு இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தார். அவருக்கும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு முதுகு சில்லிட்டது. சிரித்துக்கொண்டே வாசலைத் திறந்துவைத்துவிட்டோம், அது உள்ளே வந்துவிட்டது என்று தோன்றியது. அந்தக் காட்சியையே முடிவாக வைத்து, அதற்கேற்பப் படத்தின் முற்பாதியையும் மறுபடி எடுப்பது என்று முடிவு செய்தார்.

மூன்றாவது ஞாயிறு புதிய தொல்லை வந்தது. தான் சிரிக்கவைக்கிறவன் என்பது இப்போது குணாளனுக்குத் தெரிந்துவிட்டது. பேயைப் பார்த்ததும் கண்ணை உருட்டினான், கைலி அவிழ்வதுபோல் தடுமாறினான், கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். யோகேந்திரனுக்குத் துண்டு தேவைப்படவில்லை.

பரஞ்சோதி விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அவனை வெளியே செம்பனை நிழலுக்கு அழைத்துப் போனார்.

"குணா, நீ சிரிக்கவைக்காத."

"நீங்கதானே அந்த மாதிரி வேணும்னீங்க?"

"அன்னிக்கு நீ யாரையும் சிரிக்கவைக்கல. பொழச்சா போதும்னு நின்ன. அதுதான் வேணும். உனக்கு இது வேடிக்கையே இல்ல. பாக்கறவங்களுக்குத்தான்."

"அப்படின்னா நெஜமா பயப்படணுமே. நளினி அக்காவ இப்ப நல்லாப் பழகிருச்சுண்ணே."

நளினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அத நான் பாத்துக்கறேன்," என்றார்.

அன்று முழுக்க அவர் குணாளனோடு பேசவில்லை. சாப்பாட்டு வேளையில் எதிரே உட்கார்ந்து, நாசி லெமாக் சோற்றைத் தொடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இடம் மாறி உட்கார்ந்தான். அவரும் மாறி உட்கார்ந்தார். மறுபடி விளக்குப் போட்டபோது குணாளனின் நெற்றியில் வேர்வை தானாகவே அரும்பியிருந்தது. வழியை மறித்து நின்ற பேயிடம், "கொஞ்சம் நகர்றீங்களாக்கா, துணி காயப்போடணும்," என்று கெஞ்சினான். பேய் நகரவில்லை, கையை நீட்டியது. அவன் ஈரத்துணியைக் கொடுத்தான். எழுதாத காட்சி. பரஞ்சோதி இம்முறை 'கட்' சொல்லவில்லை.

விழா ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், சுங்கைப்பட்டாணி மண்டபமொன்றில். இருநூறு பேர் இருந்தார்கள். பரஞ்சோதி உட்கார முடியாமல் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். துணிக் காட்சியில் சிரிப்பு தொடங்கியது, தேநீரில் மண்டபமே அதிர்ந்தது. பிறகு பேய் கோப்பையைக் கீழே வைத்தது. யாரோ ஒரு பெண் "ஐயோ, வேணாம்," என்று திரையிடம் மெல்லச் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது.

நடுவர்கள் இதைத் திகில் பிரிவில் சேர்ப்பதா, நகைச்சுவையில் சேர்ப்பதா என்று வாதாடி, இரண்டிலும் சேராத சிறப்புப் பரிசொன்றைக் கொடுத்தார்கள். பேய்க்குத் தண்ணி கலக்க எப்படி யோசித்தீர்கள் என்று மேடையில் கேட்டார் நிகழ்ச்சி நெறியாளர். பரஞ்சோதி இரண்டு பக்க உரை எழுதி வைத்திருந்தார். அது சட்டைப் பையிலேயே இருந்தது.

"நான் யோசிக்கலங்க. அத அழிக்கப் பாத்தேன்," என்று சொல்லி மைக்கைக் குணாளனிடம் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து நளினியும் குணாளனும் பரஞ்சோதியோடு அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அடுத்த படத்தின் கதையைப் படித்தார்கள். துப்பறியும் கதை. குணாளன் நான்காம் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, கொலைகாரன் கதவத் தட்றான். நான் தொறக்கறேன். அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதலையே?"

"அங்க நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியல."

குணாளன் எழுதாமல் விட்டிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"எனக்கும் தெரியலண்ணே."

"நல்லது," என்று பரஞ்சோதி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.