சிக்னே தோர்விக்கும் எல்ஸ்வால் மக்கள்தொகையும்

1934 ஏப்ரல் பதினேழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த சிக்னே தோர்விக் தரையை விட்டு எழும்பினாள். அன்று எல்ஸ்வாலின் மக்கள்தொகை இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் கணவன் அஸ்லாக் ஓடிவந்து கணுக்காலைப் பிடித்திராவிட்டால் அன்றே இருநூற்றுப் பதினொன்று ஆகியிருக்கும். அவன் அவளைக் கொடிக்கம்பத்தில் கட்டிவிட்டு, பாதியில் விட்ட காபியைக் குடிக்க உள்ளே போனான்.

சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்மேற்கில் ரயில் பாதை முடிந்த இடத்தில், 1908இல் நான்கு கூடாரங்களோடு தொடங்கிய ஊர் இது. நார்வேக்காரர்கள் முதலில் வந்தார்கள், உக்ரைன்காரர்கள் பிறகு வந்தார்கள், ஒரு தானியக் கோபுரமும் இரண்டு மாதா கோயில்களும் எழும்பின. 1928இல் முந்நூற்று நாற்பத்தாறு பேர் இருந்தோம். அதன்பின் மழை நின்றது. மண் எழுந்து நடக்கத் தொடங்கியது. வெட்டுக்கிளிகள் கோதுமையைத் தின்றன, அது தீர்ந்ததும் மண்வெட்டிப் பிடிகளைத் தின்றன. வாரத்துக்கு ஒரு குடும்பம் வடக்கே கிளம்பியது. கிழக்குக் கடற்கரையிலிருந்து நிவாரண ரயிலில் கருவாடு வந்தபோது, அதைச் சமைக்கத் தெரிந்தவர்கள் நார்வேக்காரர்கள் மட்டும்தான். மற்றவர்கள் அதைக் கூரை ஓட்டைகளை அடைக்க ஆணியடித்துக்கொண்டார்கள்.

சிக்னே எழும்பியதற்கு டாக்டர் ஒரு காரணமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஒக்ஸானா ப்ரிஷ்லியாக் சொன்னாள். "ரெண்டு வருஷமா தன் தட்டுல இருக்கறதப் பிள்ளைங்க தட்டுலயே தள்ளிக்கிட்டு இருந்தா. உடம்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே தரையில நிக்கும்?" முதல் வாரம் பாவாடை மடிப்பில் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைத் தைத்து வைத்தார்கள். மூன்றாம் வாரம் அவள் அவற்றையும் தூக்கிக்கொண்டு எழும்பினாள். அடுப்போடு இடுப்பைப் பெல்ட்டால் பிணைத்துக்கொண்டு சமைத்தாள். இரவில் உத்தரத்தில் முதுகு ஒட்ட, கீழே படுத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தபடி தூங்கினாள். மூத்தவள் தோர்டிசுக்கு ஒன்பது வயது, இளையவன் நில்சுக்கு நான்கு. அம்மாவின் பின்னல் கீழே தொங்கும். அதன் நுனியைப் பிடித்தால்தான் நில்சுக்குத் தூக்கம் வரும்.

அந்த மே மாதம், கூரையைச் செப்பனிட அஸ்லாக் அவளை முப்பது அடிக் கயிற்றில் மேலே விட்டிருந்தான். தொடுவானத்தில் கறுப்பாக ஒரு சுவர் எழுவதைக் கண்டு அவள் கத்தினாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் புழுதிப்புயல் வந்தது. அதற்குள் மாடுகள் கொட்டகையிலும், பிள்ளைகள் வீட்டிலும், ஜன்னல்கள் ஈரப் போர்வைக்குள்ளும் இருந்தன. அதே புயலில் பக்கத்து ஊர் ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கூடப் பாதையில் இழந்தது.

மறுநாள் ஊர்க் கவுன்சில் கூடியது. அதன் தலைவர் ஹார்லன் பிக்ஃபோர்ட். தானியக் கோபுரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கோபுரத்தின் உச்சியில் கயிற்று உருளை ஒன்றைப் பொருத்தி, சிக்னேயைத் தினமும் முந்நூறு அடி உயரத்துக்கு விடுவது என்று தீர்மானமாயிற்று. கயிற்றில் ஒரு மாட்டுமணி கட்டப்பட்டது. ஒரு இழுப்பு என்றால் புழுதி, இரண்டு என்றால் தீ, மூன்று என்றால் வெட்டுக்கிளி. அஸ்லாகுக்கு நிலக்கரியும் நிவாரணப் பெட்டியில் முதல் பங்கும் தருவதாகச் சொன்னார்கள். அவன் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே சரி என்றான். சிக்னேயை யாரும் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் சாயங்காலம் அவளை இறக்கினார்கள். புயலுக்கு நேரம் காலம் கிடையாது என்று பிக்ஃபோர்ட் சொன்னபின், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இறக்கினார்கள். பிறகு கிறிஸ்துமசுக்கு மட்டும். குளிருக்கு எருமைத்தோல் கோட்டும், ரொட்டிக்கு ஒரு கூடையும் மேலே போயின. அடுத்த வசந்தத்துக்குள் மற்ற ஊர்கள் காலியாக, எங்கள் ஊர் இருநூற்று அறுபதைத் தொட்டது. புதிதாக வந்தவர்கள் முதலில் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

1935 மே மாதம், விதைப்பு வாரத்தில், நில்சின் நுரையீரலில் புழுதி இறங்கியது. அவன் கறுப்பாக இருமினான், அம்மாவைக் கேட்டான். செய்தி ரொட்டிக் கூடையில் மேலே போனது. மணி அடிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற எந்தக் கணக்கிலும் சேராமல் விடாது அடித்தது. அஸ்லாக் பிக்ஃபோர்டிடம் போய் நின்றான்.

"தலைவரே, ஒரு ராத்திரிக்கு மட்டும் இறக்கிவிடுங்க. பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"எல்லாரும் வயல்ல கெடக்காங்க, அஸ்லாக். இப்ப ஒரு புயல் வந்தா யாரு பதில் சொல்றது? விதைப்பு முடியட்டும்."

"அதுவரைக்கும் தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்றாரு."

"டாக்டர் எல்லாரப் பத்தியும் அதத்தான் சொல்வாரு. என் மாமியாருக்கே மூணு தடவ சொன்னாரு. கல்லு மாதிரி உக்காந்திருக்கா."

அஸ்லாக் வீட்டுக்குப் போனான். ஒக்ஸானா போகவில்லை. நேரே கோபுரத்தில் ஏறி உருளையைத் தனியாளாகச் சுற்றினாள். இருபது அடி இறக்குவதற்குள் நாங்கள் நான்கு பேர் போய் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டோம். "நீங்கள்லாம் ஒரு தாய் வயித்துலதான் பொறந்தீங்களா, இல்ல கோதுமை மூட்டையிலயா?" என்று கேட்டாள். அந்த வாரம் வானம் கண்ணாடி போல இருந்தது. ஒரு துளிப் புழுதிகூட இல்லை.

வியாழக்கிழமை நில்ஸ் இறந்தான். அப்பாவின் காலணிக் கயிறு ஒன்றைப் பின்னல் போலப் பிடித்துக்கொண்டு இறந்தான் என்று ஒக்ஸானா சொன்னாள். சனிக்கிழமை அடக்கம் செய்தோம். முந்நூறு அடிக்கு மேலிருந்து பார்த்தால் அந்தப் பெட்டி ஒரு தீப்பெட்டி அளவுதான் இருந்திருக்கும். மணி அன்று அடிக்கவே இல்லை. பிக்ஃபோர்ட் கூடையில் கறுப்பு ரிப்பன் கட்டி, நல்ல கம்பு ரொட்டியாகப் பார்த்து அனுப்பினார். ரொட்டி தொடப்படாமல் திரும்பியது.

ஜூன் இருபத்தாறாம் தேதி பள்ளிக்கூடத்துக் கடைசி நாள் விழா. ஊரே திறந்த மைதானத்தில் இருந்தது. சாக்கு ஓட்டப் பந்தயம் நடந்தது. கோபுரத்து நிழலில் தோர்டிசும் ஒக்ஸானாவும் உட்கார்ந்திருந்தார்கள்; தம்பி போனபின் தோர்டிஸ் வேறெங்கும் உட்காருவதில்லை. அவள் மடியில் மேலிருந்து ஒரு செருப்பு விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். அம்மா கோபுரத்து நிலவறையைக் கை நீட்டிக் காட்டினாள். தோர்டிஸ் ஒக்ஸானாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். மணி அசையவில்லை. கால் மணி நேரத்தில் பகல் அணைந்தது.

பதினேழு பேர் செத்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் பிள்ளைகள், அந்த ஒன்பதில் இரண்டு பேர் பிக்ஃபோர்டின் மகள்கள். மகளைத் தேடிப் போன அஸ்லாக் மூன்றாம் நாள் வேலியோரம் கிடைத்தான். கம்பியைப் பிடித்து நின்றபடியே மார்பு வரை புதைந்திருந்தான்.

கல்லறைகள் மூடப்பட்டதும் எல்லோரும் கோபுரத்தடியில் கூடினோம். பிக்ஃபோர்ட் கோடரியோடு வந்தார். கயிற்றில் ஓங்கியபோது ஒக்ஸானா சிரித்தாள்.

"வெட்டு, ஹார்லன். நல்லா ஓங்கி வெட்டு. அவளும் அதத்தான் வேண்டிக்கிட்டு இருக்கா."

பிக்ஃபோர்ட் கோடரியைத் தாழ்த்தினார். நெடுநேரம் கயிற்றையே பார்த்தார். பிறகு தோர்டிசைப் பார்த்தார். மகள்கள் செத்த பின் அவர் குரல் மிகவும் மென்மையாகிவிட்டிருந்தது. "ஒரு நாற்காலி எடுத்துட்டு வாங்க" என்றார்.

மறுநாளிலிருந்து தோர்டிஸ் விடிந்தது முதல் இருட்டும் வரை மேற்கு வயலின் நடுவே நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டாள். ஓடிவிடாமலிருக்க ஒரு கால் முளைக்குச்சியில் கட்டப்பட்டது. ஒக்ஸானாவை இரண்டு முறை பூட்டி வைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை பூட்டியபின் அவள் பிள்ளைக்குக் குடையும் சூப்பும் கொண்டுபோவதோடு நிறுத்திக்கொண்டாள். சிக்னே அதற்கப்புறம் ஒரு புயலையும் தவறவிடவில்லை. மணி அடித்தால் முதலில் மாடுகளையும் பிறகு தோர்டிசையும் உள்ளே கொண்டுவருவது வழக்கமாயிற்று. அதனால் எச்சரிக்கை பத்து நிமிடம் முன்னதாகவே வரத் தொடங்கியது. 1936இல் கணக்கெடுப்புக்கு வந்த அதிகாரி வயலில் நாற்காலியைப் பார்த்தார், வானத்தில் கோடு போல ஏறிய கயிற்றைப் பார்த்தார், இருவரையும் சேர்த்து இருநூற்று நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டார். மதியம் எங்களோடு கருவாடு சாப்பிட்டார், நன்றாக இருந்தது என்றார்.

1938இல் மழை திரும்பியது. ஜூன் மாதம் புல் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொண்டது. புயல்கள் நின்றன. தோர்டிசை யாரும் வயலுக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோக வேண்டாம் என்று யாரும் தீர்மானிக்கவும் இல்லை, மறந்துவிட்டார்கள். அவளுக்குப் பதின்மூன்று வயது. ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோரும் களையெடுக்கப் போயிருந்தபோது, அவள் ஒக்ஸானாவோடு கோபுரத்தில் ஏறினாள். உருளையிலிருந்த கயிற்றின் கடைசி முனையைத் தன் இடுப்பில் சுற்றி மூன்று முடிச்சு போட்டாள். ஒக்ஸானா முடிச்சுகளை இழுத்துப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டாள்.

"கீழ பாக்காத, கண்ணு. பாக்கறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல."

உருளையின் பூட்டு திறந்தது. கயிறு சீறிக்கொண்டு ஓடித் தீர்ந்தது. தோர்டிஸ் போனாள்.

கிழக்கே அறுபது மைல் தள்ளியிருக்கும் ஸ்டேஷனின் தந்திக்காரர், அன்று மாலை இரண்டு பெண்கள் மிதமான மேல்காற்றில் கடந்து போனதாகத் தந்தி அனுப்பினார். மூத்தவள் இளையவளை மடியில் இருத்தி, அவசரமில்லாமல் தலை பின்னிக்கொண்டிருந்தாளாம். எங்கள் கவுன்சில் அவருக்குப் பதில் எழுதியது. முந்நூறு அடி நல்ல மணிலாக் கயிறு அது, எங்காவது இறங்கினால் திருப்பி அனுப்பச் சொல்லவும் என்று கேட்டுக்கொண்டோம்.